ஓய்வு யாருடைய உடைமை?

உழைப்பைப் புகழாத நூல் இல்லை. உழைப்பைப் புகழாத மேடையும் இல்லை. பகலெல்லாம் பாடுபடுகின்றவனை உத்தமன் என்கின்றோம். ஆனால் அதே மனிதன் ஒரு நாள் வேலையை விட்டு, நண்பர் சிலரோடு படகேறிக் கடலில் உலாவி வந்தால், 'இவனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்' என்று ஊரார் உதட்டைப் பிதுக்குகின்றனர். உழைப்பு மட்டுமே அறமென்றும், மகிழ்ச்சி மறைவாகத் துய்க்கத்தக்க திருட்டுப் பண்டமென்றும் கருதும் இம்மனப்பான்மை நம் மக்களிடையே எங்கிருந்து வந்தது? உழைக்கப் பிறந்தவன் மகிழப் பிறக்கவில்லையா? மகிழ உரிமை உண்டெனில், அவ்வுரிமைக்கு வரம்பு யாது? இவ்வினாக்களை ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

நம் முன்னோர் இன்பத்தை இகழ்ந்தவரல்லர். வள்ளுவர் தம் நூலை அறம், பொருள், இன்பம் என மூன்று பாலாக வகுத்தபோது, இன்பத்தை நூலுக்குப் புறம்பே நிறுத்தவில்லை. அறத்தோடும் பொருளோடும் ஒரே வரிசையில் அமர்த்தினார். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்றே ஒரு காதை இருக்கின்றது. இந்திர விழா முடிந்த பின்னர்ப் புகார் நகரத்து மக்கள் கடலாடச் செல்வதை இளங்கோவடிகள் அங்கே விரித்துரைக்கின்றார். ஆதலின், கூட்டமாய்க் கூடிக் கடலோரத்தில் ஒரு நாளைக் கழிப்பது வெள்ளைக்காரனிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட நாகரிகம் அன்று. ஆனால் ஒன்று கருதத்தக்கது. அதே கடற்கரையில்தான் கோவலனும் மாதவியும் பாடிப் பிரிகின்றனர். ஐந்திணை வகுத்த பழந்தமிழரும் நெய்தல் நிலத்துக்கு இரங்கலையே உரிப்பொருளாக்கினர். கடற்கரை களிப்புக்கு மட்டும் உரிய இடமன்று. பிரிவுக்கும் ஏக்கத்துக்கும் உரிய இடம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் இருத்திக்கொண்டாலன்றி நாம் எடுத்துக்கொண்ட பொருள் விளங்காது.

அத்தகைய மக்களின் வழிவந்தோர் இந்நாட்டுக்கு வந்த பின்னர் ஓய்வை எங்ஙனம் இழந்தனர்? விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். செக்ரோலில் பெயர் விழுந்தால் அன்று கூலி. விழாவிடில் அன்று வெறுங்கை. இவ்வமைப்பில் ஓய்வு நாள் என்பது கூலியற்ற நாளுக்கு மறுபெயராயிற்று. ஓய்வைக் கண்டு மகிழ வேண்டியவன் ஓய்வைக் கண்டு அஞ்சினான். அவ்வச்சத்தை மறப்பதற்குத் தோட்டத்திலேயே ஒரு மருந்து வைக்கப்பட்டிருந்தது. அதுதான் கள்ளுக்கடை. உழைத்த காசில் ஒரு பங்கை மாலையில் அங்கே கொட்டிவிட்டு மயங்கி விழுவதே களிப்பு என்று ஒரு தலைமுறையே பழக்கப்படுத்தப்பட்டது.

இதனை அம்மக்கள் உணராமலிருந்தனர் என்று எவரும் எண்ண வேண்டா. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை நோக்குங்கள். கூலி உயர்வு கேட்டார்கள், அஃது இயல்பு. அதனோடு, கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றும் கேட்டார்கள். துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்படும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். ஒருவன் தன் வேலை முடிந்த பிறகு, தன் சொந்தச் சைக்கிளில், தன் விருப்பப்படி போகின்றான். அப்போதும் அவன் இறங்கி நிற்க வேண்டுமெனில், அவனுடைய ஓய்வு நேரமும் அவனுக்குச் சொந்தமில்லை என்பதே பொருள். ஆகவே, 'நாள் முழுவதும் உமக்கு உழைத்தோம். எஞ்சிய பொழுதாவது எங்களுக்குரியதாக இருக்கட்டும்' என்பதே அக்கோரிக்கையின் உட்கிடக்கை. இதனைச் சுயமரியாதை என்னாது வேறு எப்பெயரால் அழைப்பது?

சீர்திருத்தக்காரர்களிடத்தும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெரியார் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து சென்ற பின்னரும், 1932-இல் சிங்கையில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிய பின்னரும், 'வேண்டா' என்னும் சொல் நம்மிடையே வலுப்பெற்றது. குடி வேண்டா, சாதி வேண்டா, வீண் சடங்கு வேண்டா. இவை அனைத்தும் வேண்டாதனவே, ஐயமில்லை. ஆயினும், பழைய களிப்பைப் பறித்த இடத்தில் புதிய களிப்பொன்றை வைக்காவிடில், வெறுமையான அவ்விடத்தில் பழையதே மீண்டும் வந்து குடியேறும். 1952-ஆம் ஆண்டில் தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழர் திருநாளைத் தொடங்கியதன் அருமை இதுவே. வேண்டா என்பதோடு நில்லாமல், வேண்டும் என்று ஒன்றைக் காட்டினார். மகிழ்ச்சியைச் சீர்திருத்துவதும் சீர்திருத்தமே.

இனி, இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவோம். நம் நாட்டில் கோடை எனத் தனிப் பருவம் இல்லையாயினும், ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறைந்து வெயில் ஏறும் நாட்களைப் பினாங்குப் பக்கத்தில் கோடையென்று வைத்துக்கொள்ளலாம். அத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நண்பர் அறுவர் சேர்ந்து ஜெரெஜாக் தீவுக்குப் படகில் சென்றோம். எம்மில் ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஒருவர் பட்டணத்தில் மளிகைக் கடை நடத்துபவர். ஒருவர் லோரி ஓட்டுநர். ஏனையோர் தோட்டத்து மக்கள். பினாங்குத் தீவின் கிழக்குக் கரையையொட்டி, பெருநிலத்துக்கு இடைப்பட்ட கால்வாயில், காடு மூடிய குன்றாக அத்தீவு கிடக்கின்றது. வடக்கே பினாங்குப் பாலம் தெரிகின்றது. 1985-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின்மேல் ஊர்திகள் எறும்புச் சாரைபோல் ஊர்ந்துகொண்டிருக்க, கீழே நீர் அமைதியாயிருந்தது. படகோட்டி மலாய்க்காரப் பெரியவர். எந்த நேரத்தில் நீர் வற்றும், எந்தப் பக்கம் சேறு தட்டும் என்பதையெல்லாம் கண்ணாலேயே அளந்துகொண்டு இயந்திரத்தை மெல்லச் செலுத்தினார்.

கரையில் நிழல் பார்த்து இலை விரித்தோம். புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் அவித்த முட்டையும் இருந்தன. 'பாக்சிக், வாருங்கள்' என்று மலாயில் அழைக்க, படகோட்டியும் எம்மோடு உட்கார்ந்தார். உண்ணத் தொடங்கும்போது ஆசிரியர் சற்றே கையை நிறுத்தி, 'தம்பி, நம் பாட்டன்மாரை அடைத்து வைத்த இடத்தில் இலை விரித்துச் சாப்பிடுகின்றோமே, இது தகுமா?' என்று கேட்டார். ஒருவரும் உடனே விடை கூறவில்லை. பிறகு லோரி ஓட்டும் நண்பர், 'அண்ணே, அவர்கள் பட்டினி கிடந்தது போதாதென்று நாமும் கிடக்க வேண்டுமா?' என்றார். இரண்டு வினாக்களும் நேர்மையானவை. இரண்டுக்கும் விடை காண வேண்டுவது நம் கடன்.

முதலில் அத்தீவின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கில அரசாங்கத்தார் தொழுநோயாளரை ஒதுக்கி வைக்க அத்தீவைத் தேர்ந்தெடுத்தனர். அதே காலப்பகுதியில், கப்பலில் வந்திறங்கும் மக்களைத் தொற்றுநோய்க்கு அஞ்சித் தடுத்து வைக்கும் குவாரண்டைன் முகாமும் அங்கே அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காசநோயாளருக்கு மருத்துவமனையாயிற்று. 1969 முதல் 1993 வரை சிறைக்கூடமாய் இருந்தது. 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் மூழ்கடித்த செம்சுக் என்னும் ரஷ்யக் கப்பலின் மாலுமிகள் சிலர்க்கும் அத்தீவின் மண்ணே புதைகுழியாயிற்று. சுருங்கக் கூறின், ஊர் எவரைக் காண விரும்பவில்லையோ அவரையெல்லாம் அத்தீவு ஏற்றுக்கொண்டது. பின்னரே அங்கே உல்லாச விடுதி வந்தது.

இதில் தமிழருக்குரிய பங்கு பெரிது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிய நம் மக்கள் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளில் வந்திறங்கினர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஒன்றே 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றத்தக்கது என்றால், அந்தப் போக்குவரத்தின் அளவை உய்த்துணரலாம். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடிபெயர்வு நிதி அம்மக்களின் கப்பற் செலவைத் தாங்கியது. 1938-இல் இந்திய அரசாங்கம் அவ்வகைக் குடிபெயர்வைத் தடுத்து நிறுத்தும்வரை அவ்வோட்டம் ஓயவில்லை. கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டுவிட்டால், டெக்கில் வந்த ஏழைகள் முகாமுக்குப் போவார்கள். அறை எடுத்து வந்த கனவான்களை அவ்வாறு அடைத்து வைக்க அதிகாரிகளின் கை எளிதில் எழவில்லை. நோய்க் கிருமிக்கு முதல் வகுப்பும் டெக்கும் ஒன்றே. மனிதனுக்குத்தான் அவை வேறு வேறாயின.

தொற்றுநோயைத் தடுப்பது தவறு என்று நாம் கூறவில்லை. வாந்திபேதி பரவினால் முதலில் மாள்பவர் தோட்டத்து லயங்களில் நெருங்கி வாழ்ந்த ஏழைகளே. ஆகவே தடுப்பு முகாம் அறிவியலுக்கு ஒத்தது. ஆனால் ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். தொற்று என்று மனிதனை ஒதுக்கியது மருத்துவம். அதற்கு நாள் கணக்கு உண்டு, நாள் முடிந்தால் கதவு திறக்கும். தீட்டு என்று மனிதனை ஒதுக்கியது சாதி. அதற்கு நாள் கணக்கே இல்லை. அரசாங்கத்தின் குவாரண்டைனைக் கொடுமை என்று பேசும் நாம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் சொந்த மக்களை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த குவாரண்டைனை எப்பெயரால் அழைப்போம்? கடல் கடந்தவனையே தீட்டுப்பட்டவன் என்ற சாத்திரமும் நம் நாட்டில் இருந்ததன்றோ?

இனி ஆசிரியரின் வினாவுக்கு வருவோம். துன்பம் நிகழ்ந்த இடத்தில் இன்பம் துய்ப்பது தகாது என்பது ஒரு கட்சி. இக்கட்சியை முற்றும் ஏற்றுக்கொண்டால் நமக்கு நிற்க இடமிராது. இந்நாட்டில் நம் மக்கள் வியர்வையோ உயிரோ சிந்தாத இடம் எது? இருப்புப்பாதையும் அப்படி; சாலையும் அப்படி; ரப்பர்க் காடும் அப்படி. அவ்விடங்களிலெல்லாம் வாய் மூடித் தலை குனிந்து நடக்க வேண்டுமெனில், முன்னோரைச் சிறைப்படுத்திய துன்பம் பின்னோரையும் சிறைப்படுத்தியதாக முடியும். தன் பேரன் அதே கரையில் தன் விருப்பப்படி வந்திறங்கி, தன் விருப்பப்படி திரும்பிப் போவதை ஒரு பாட்டன் கண்டால் வருந்துவானா, மகிழ்வானா? வாயில் மூடப்பட்ட இடத்துக்கு வாயில் திறந்தபடி சென்று வருவதே ஒருவகையில் அம்முன்னோர்க்குச் செய்யும் மரியாதை.

போனது போயிற்று, உண்போம், உறங்குவோம் என்பது மற்றொரு கட்சி. லோரி ஓட்டும் நண்பர் இதனைக் கூறவில்லை. ஆனால் அவர் சொல்லை இப்பொருளில் பிடித்துக்கொள்வோர் உளர். இதுவும் பொருந்தாது. இருந்த இடத்தின் கதை அறியாது மகிழ்கின்றவன் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேம்பட்டவனல்லன். ஆடும் நிழல் கண்டால் படுக்கும். மனிதனுக்கு நினைவு என்றொன்று உண்டு. நினைவு இன்பத்தைக் கெடுக்கும் என்பர் சிலர். அன்று, இன்பத்துக்கு எடை தருவதே நினைவு. எவ்வளவு விலை கொடுத்துப் பெற்றது இந்த ஒரு நாள் ஓய்வு என்று அறிந்தவனே அதனைக் கள்ளுக்கடையில் தொலைக்க மாட்டான்.

ஓய்வுக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதை உலக வரலாற்றிலும் காணலாம். நாம் உழைப்பதெல்லாம் ஓய்வு பெறுவதற்கே என்னும் கருத்தைக் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தம் அறநூலில் நிலைநாட்டினார். ஓய்வில்தான் மனிதன் மனிதனாகின்றான் என்பது அவர் கொள்கை. அழகிய கொள்கையே. ஆனால் அதே ஞானி, சிலர் அடிமையாகவே பிறக்கின்றனர் என்றும் எழுதி வைத்தார். தறியின் நாடா தானே ஓடுமாயின் எசமானுக்கு அடிமை வேண்டியிராது என்றும் அவரே கூறினார். ஆக, ஏதென்ஸ் நகரத்துக் குடிமகனின் ஓய்வு, ஓய்வற்ற அடிமையின் முதுகின்மேல் கட்டப்பட்டது. பின்னர் நாடா தானே ஓடத் தொடங்கிற்று; யந்திரம் வந்தது. வந்தும் உழைப்பவனுக்கு ஓய்வு தானே வந்துவிடவில்லை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932-ஆம் ஆண்டில் சோம்பலைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில், யந்திர உலகில் நாளொன்றுக்கு 4 மணி நேர உழைப்பே போதும் என்று வாதித்தார். நம் தோட்டங்களிலோ ரப்பர் மரத்தைச் சீவுவதும், நெடுங்கம்பில் கட்டிய அரிவாளால் செம்பனைக் குலையை அறுப்பதும் இன்றும் மனிதக் கைகளே.

ஓய்வு சட்டத்தால் வந்தது. சட்டம் போராட்டத்தால் வந்தது. சம்பளத்தோடு கூடிய விடுமுறை பற்றிய அனைத்துலக உடன்படிக்கை 1936-இல் உருவாயிற்று. 1948-இல் ஐக்கிய நாட்டு மன்றம் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் பிரிவு, ஓய்வும் பொழுதுபோக்கும் மனிதர் அனைவருக்கும் உரிமை என்கின்றது. மலாயாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வை விதித்தது. அச்சட்டத்தின் திருத்தம் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அந்த மூன்று மணி நேரத்துக்கு நாடு எத்துணை ஆண்டுகள் காத்திருந்தது என்பதை அன்பர்கள் கணக்கிட்டுக்கொள்க.

ஆகவே, ஓய்வு உரிமையே என்பது தெளிவு. ஆயின் அவ்வுரிமையின் வரம்பு யாது? பிறனுடைய ஓய்வைப் பறித்துப் பெறும் ஓய்வு உரிமையாகாது, அது கொள்ளை. இவ்விடத்தில் நாம் நம்மையே சோதித்துக்கொள்ள வேண்டும். நம் பாட்டன்மார் நின்ற பெரட்டுக் களத்தில் இன்று நிற்பவர் யார்? செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்வோரிற் பெரும்பாலார் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். ஊரில் கடன், கங்காணிக்குப் பதிலாக ஏஜெண்டு, கப்பலுக்குப் பதிலாக விமானம். பெயர்கள் மாறின, பிறவற்றில் எத்துணை மாறிற்று என்று பெயர் எழுதும் கையை உடைய நம்மைப் போன்றோர் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபோது, சிங்கப்பூரில் விடுதிகளில் தங்கியிருந்த 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் அவ்விடுதிகளுக்குள்ளேயே அடைபட்டனர். அவர்களுள் தமிழ் பேசுவோர் பலர். நோய்க்கு அஞ்சித் தடுத்தது ஒருபுறமிருக்க, நகரத்து மக்கள் கடைவீதிக்கும் பூங்காவுக்கும் செல்லத் தொடங்கிய பின்னரும், விடுதித் தொழிலாளர் வெளியே செல்லத் தனி அனுமதி பெற வேண்டிய நிலை 2022 வரை நீடித்தது. டெக் பயணிக்கு ஒரு நீதி, அறைப் பயணிக்கு ஒரு நீதி என்னும் பழைய கணக்கு இன்னும் அடித்து எழுதப்படவில்லை.

இந்நிலையில் அவ்வெளிநாட்டுத் தொழிலாளரை நோக்கி, 'இவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டங்கூட்டமாய்த் தெருவில் அலைகின்றார்கள்' என்று முகஞ்சுளிக்கும் தமிழர் உண்டு. அன்பர்களே, அம்முகச்சுளிப்பு எவருடையது? சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவனுடைய முகச்சுளிப்பன்றோ அது! நேற்று நம்மை இறங்கச் சொன்னவனைக் கண்டித்துவிட்டு, இன்று மற்றொருவனை நாம் இறங்கச் சொல்வோமாயின், நாம் வேண்டியது நீதியன்று. எசமானுடைய இருக்கையையே நாம் வேண்டினோம் என்று உலகம் கூறும்.

ஆகவே, ஓய்வுக்கு மூன்று கடன்கள் உண்டென்பது நமது துணிபு. முதலாவது, ஓய்வெடுக்கும் இடத்தின் வரலாற்றை அறிதல். பிள்ளைகளைக் கடற்கரைக்கும் தீவுக்கும் அழைத்துச் செல்லும் பெற்றோர், அங்கே எவர் வந்திறங்கினர், எவர் அடைபட்டனர் என்பதையும் சோற்றோடு சேர்த்து ஊட்டுவார்களாக. இரண்டாவது, ஓய்வைத் தன்மானத்தோடு கழித்தல். அறிவு மங்கக் குடித்து வீழ்வது ஓய்வன்று. அது வேறொருவன் நமக்காக ஏற்பாடு செய்து வைத்த உறக்கம். ஒரு படகில் ஏறினோர்க்கு மேலிருக்கை கீழிருக்கை இல்லை. ஒருவன் சாய்ந்தால் அனைவரும் நனைவர். சாதி பாராது ஓரிலையில் உண்பதும், மனைவியையும் மகளையும் வீட்டு அடுப்படியில் விட்டுச் செல்லாது உடன் அழைத்துச் செல்வதும் இக்கடனுள் அடங்கும். ஆண்கள் ஓய்ந்திருக்க அடுப்பு ஓயாத வீட்டில் ஓய்வு பாதியே. மூன்றாவது, நமக்கு வேண்டிய ஓய்வை நம்மின் எளியார்க்கும் வேண்டுதல். வாரத்தில் ஒரு நாள் என்று சட்டம் வகுத்திருப்பதை அந்நியத் தொழிலாளிக்கும் குறைவின்றிக் கிடைக்கச் செய்வது, தொழிற்சங்கத்தாருக்கும் தோட்டத்து உத்தியோகஸ்தருக்கும் நீங்காக் கடமை.

உழைப்பை மட்டும் பகிர்ந்துகொள்ளும் சமுதாயம் பாதிச் சமுதாயமே. ஓய்வையும் பகிர்ந்துகொள்ளும் நாளே அது முழுமை பெறும். ஒரு மனிதன் வெயிலடிக்கும் ஒரு நாளில் வேலையற்று, அச்சமற்று, கடல் நீரைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது சிறு செயலாகத் தோன்றலாம். அந்தச் சிறு செயல் எல்லா மனிதருக்கும் கிட்ட வேண்டுமென்பதற்காகவே பெரும் போராட்டங்கள் நிகழ்ந்தன. அவ்வாறு அமர்ந்திருக்கும் உரிமையை நாம் பெற்றோம். பெற்றதை அடுத்தவர்க்கும் பெற்றுத் தருவோமாக.